பிரேசில் மருமகளும் நம் வீட்டுச் சாவியும்

வெளிநாட்டு மருமகள் வருகிறாள் என்றால் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "அந்தப் பொண்ணு தமிழ் கத்துக்குமா?" என்பதுதான். "நாம அந்தப் பொண்ணோட பாஷையில நாலு வார்த்தை கத்துக்குவோமா?" என்று ஒருவரும் கேட்பதில்லை. இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்பது என் கட்சி. இதற்காக வீட்டில் சண்டையும் போட்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். என் அக்கா பேரனுக்கு வருகிற தை மாதம் கல்யாணம். பையன் கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பையன்தான். சர்க்கரை ஆலைக்கு இயந்திரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை. நான்கு வருடமாக பிரேசிலில் சாவ் பாவ்லோ மாநிலத்தில் இருக்கிறான். பெண் அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியை. கல்யாணம் இங்கே. பெண்ணோடு அவள் அம்மாவும் பாட்டியும் வந்து ஒரு மாதம் தங்கப் போகிறார்கள்.

"எல்லாம் இங்கிலீஷ்ல சமாளிச்சுக்கலாம் மாமா" என்கிறார்கள் இளசுகள். பெண்ணுக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். அவள் அம்மாவுக்கும் பாட்டிக்கும் போர்த்துக்கீசியம் மட்டும்தான். என் அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான். ஆங்கிலத்தைப் பாலம் என்கிறோம். இரண்டு கரையிலும் அந்தப் பாலத்துக்குத் தூணே இல்லை. அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. "ஏன்டா தம்பி, சம்பந்தி அம்மா வந்து எதிர்ல உக்காந்தா நான் என்னடா பேசறது? சும்மா சிரிச்சிக்கிட்டே இருக்கவா ஒரு மாசம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

இந்த நிலையில் உறவினர்கள் பலரும் என்னிடம், பிரேசில் பற்றித் தெரிந்துகொள்ளவும் அந்த மொழி படிக்கவும் என்ன புத்தகம் வாங்கலாம், அவர்களுக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று கேட்கிறார்கள். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கும் என்ற நம்பிக்கைதான். ஐந்தாறு மாதமாகப் படித்ததையும் கேட்டதையும் வைத்து என் கருத்தைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் எங்கெங்கோ இருக்கிறார்கள். நாளை உங்களுக்கும் பயன்படலாம்.

பாதி மொழி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது

முதல் பரிசுக்குக் காசே தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வீட்டைச் சுற்றி வந்து, போர்த்துக்கீசியரிடமிருந்து நாம் வாங்கிய சொற்களை அதில் எழுதுங்கள்.

சன்னல் அவர்களுக்கு 'ஜனெலா'. மேசை 'மேஸா'. அலமாரி 'அர்மாரியு'. துவாலை 'துவாலியா'. சட்டையில் இருக்கும் பொத்தானும் அவர்கள் சொல்தான். சாவி இன்னும் விசேஷம். போர்ச்சுகல் நாட்டில் கடைசி எழுத்தை விழுங்கி 'ஷாவ்' என்பார்கள். பிரேசிலில் 'ஷாவி'. நம் அக்கா "சாவி எங்கே?" என்று கேட்டால் பிரேசில் சம்பந்திக்குப் பாதி புரிந்துவிடும்.

மேஸ்திரி என்ற சொல்லும் அப்படித்தான். அது 'மெஸ்த்ரி'. கட்டட வேலையை மேற்பார்வை பார்ப்பவரை பிரேசிலில் இன்றும் 'மெஸ்த்ரி ஜி ஓப்ராஸ்' என்றுதான் சொல்கிறார்கள். பாதிரி, பீப்பாய், கோப்பை, ஏலம் எல்லாம் அதே வழியில் வந்தவைதான். இதில் வேடிக்கையும் உண்டு. 'பீப்பா' என்றால் இன்றைய பிரேசில் குழந்தைகளுக்குக் காற்றாடி. 'கோப்பு' என்றால் தண்ணீர் குடிக்கும் கண்ணாடி டம்ளர்.

பழக்கடைக்குப் போங்கள். கொய்யா அவர்களுக்கு 'கொயாபா'. அன்னாசி என்ற சொல் 'அனனாஸ்' என்பதிலிருந்து வந்தது. ஆனால் பிரேசில்காரர்கள் அதை 'அபகஷி' என்பார்கள். பதிலுக்கு நாமும் கொடுத்திருக்கிறோம். அவர்கள் மாம்பழத்தை 'மாங்கா' என்கிறார்கள். நம் மாங்காய்தான் மலையாளக் கரை வழியாகப் போய் அப்படி ஆனது. பலாப்பழம் 'ஜாக்கா', மலையாளத்துச் சக்கைதான். ரியோ நகரை ஒட்டிய திஜூக்கா காட்டில் பலா மரங்கள் பெருகி, காட்டு மரங்களுக்கு இடைஞ்சலாகிவிட்டது என்று அங்குள்ள வனத்துறை கவலைப்படுகிற அளவுக்கு நம் பலா அங்கே குடியேறிவிட்டது.

சென்னையில் லஸ் கார்னர் போகாதவர் யார்? அந்த 'லஸ்' போர்த்துக்கீசியச் சொல். ஒளி என்று பொருள். அங்கே 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் கட்டிய 'ஒளியின் மாதா' கோயிலால் வந்த பெயர். அதே பெயரில் சாவ் பாவ்லோ நகரத்தில் 'லுஸ்' ரயில் நிலையம் இருக்கிறது. அந்தக் கட்டடத்திலேயே போர்த்துக்கீசிய மொழிக்கென்று ஓர் அருங்காட்சியகம் 2006இல் திறந்தார்கள். 2015இல் தீப்பிடித்து எரிந்தது. சரிசெய்து 2021இல் மறுபடி திறந்துவிட்டார்கள். ஒரு மொழிக்கு ரயில் நிலையத்தில் அருங்காட்சியகம் வைத்திருப்பவர்கள், அந்த மொழியில் நாம் நாலு வார்த்தை பேசினால் எவ்வளவு மகிழ்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தத் தொடர்பு தற்செயலும் இல்லை. 1500ஆம் ஆண்டு மார்ச்சில் லிஸ்பனிலிருந்து 13 கப்பல்களோடு கப்ரால் என்ற தளபதி கிளம்பியது கோழிக்கோட்டுக்கு மிளகு வாங்க. வழியில் மேற்கே ஒதுங்கி ஏப்ரல் 22 அன்று கண்டதுதான் பிரேசில் கரை. அங்கிருந்து கிளம்பி செப்டம்பரில் கோழிக்கோடு வந்து சேர்ந்தார். பிரேசில் மண்ணைப் பற்றி முதல் கடிதம் எழுதிய பேரு வாஸ் ஜி கமீன்யா, அதே ஆண்டு டிசம்பரில் கோழிக்கோட்டுக் கலவரத்தில் இறந்துபோனார். பிரேசில் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் அவர்கள் சரித்திரத்தின் முதல் பக்கத்தை எழுதியவர் கண்மூடியது நம் பக்கத்துக் கரையில்.

1554இல் லிஸ்பனில் அச்சான ஒரு சிறு மத நூலில் தமிழும் போர்த்துக்கீசியமும் ஒரே பக்கத்தில் சேர்ந்து நிற்கின்றன; தமிழை ரோமன் எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. அதைச் செய்த அண்ட்ரிக் அடிகளாரும் போர்ச்சுகல்காரர். 1679இல் தமிழ் – போர்த்துக்கீசிய அகராதியே வந்துவிட்டது. தொகுத்தவர் புரோயென்சா அடிகளார். வாடிகனில் கிடந்த அந்தப் பிரதியைத் தேடிக் கண்டெடுத்து 1966இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் நம் தனிநாயகம் அடிகள். ஆகவே, "நமக்கும் அந்த பாஷைக்கும் என்ன சம்பந்தம்?" என்று யாராவது கேட்டால், நானூறு வருடத்துக்கு மேற்பட்ட சம்பந்தம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

மரவள்ளி ஒரு பாடநூல்

நான் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தவன். பல வருடம் கல்வராயன் மலையில் கழிந்தது. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி பரவியதைக் கண்ணால் பார்த்தவன். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து கிழங்கு ஏற்றிய லாரிகள் சின்னசேலம், ஆத்தூர் சேகோ ஆலைகளுக்கு வரிசையாக இறங்குவது நம் எல்லோருக்கும் பழகிய காட்சி.

அந்த மரவள்ளியின் பூர்வீகம் பிரேசில்தான். அமேசான் காட்டின் தெற்கு ஓரத்தில் பழங்குடி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பயிராக்கினார்கள். 'டேப்பியோக்கா' என்று நாம் ஆங்கிலச் சொல்லாக நினைப்பது அந்த மக்களின் துப்பி மொழிச் சொல். கிழங்கைப் பிழிந்து எடுக்கும் மாவுக்கு அவர்கள் வைத்த பெயர். நமக்கு மரவள்ளி, குச்சிக்கிழங்கு, கப்பை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறுவதுபோல் அங்கேயும் சாவ் பாவ்லோவில் 'மண்டியோக்கா', ரியோவில் 'அய்ப்பீங்', வடகிழக்கில் 'மகஷேரா'.

சேலம் பக்கத்தில் ஜவ்வரிசித் தொழில் தலையெடுத்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். கப்பல் போக்குவரத்து தடைப்பட்டு மலேயாப் பக்கத்து ஜவ்வரிசி வராமல் நின்றதும், இங்கேயே மரவள்ளியிலிருந்து செய்ய ஆரம்பித்தார்கள். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் ஜவ்வரிசியைப் பாலில் வேகவைத்துப் பாயசம் வைக்கிறோம். பிரேசிலின் தென்கோடி மாநிலத்தில் அதே மணியைச் சிவப்புத் திராட்சை மதுவில் வேகவைத்து, சர்க்கரையும் பட்டை, கிராம்பும் போட்டு இனிப்பு செய்கிறார்கள். பெயர் 'சகு'. வடகிழக்கில் ஈர மாவைச் சூடான சட்டியில் தூவி தோசைபோல் வார்த்து, உள்ளே தேங்காய்த் துருவல் வைத்து மடிக்கிறார்கள். அதன் பெயர்தான் அங்கே 'தப்பியோக்கா'. கிழங்கு மாவில் பாலாடைக்கட்டி சேர்த்துச் சுடும் 'பாவ் ஜி கேஜு' என்ற சின்ன உருண்டை ரொட்டி இல்லாமல் பல வீடுகளில் காலை விடியாது.

அக்காவிடம் இதைச் சொன்னதும் அவள் முகமே மாறியது. "அப்ப அடுப்பங்கரையில நான் பேசிக்குவேன்டா" என்றாள். இதைத்தான் நானும் சொல்கிறேன். மொழி தெரியாத இரண்டு பெரிய மனுஷிகளுக்கு நடுவில் ஒரு முறம் மரவள்ளியை வைத்தால் பேச்சு தானே வரும். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பத்து வார்த்தையாவது கையில் இருக்க வேண்டும்.

மொழி படிக்க எதை வாங்கலாம்

ஒரு எச்சரிக்கை. போர்த்துக்கீசியம் என்று அட்டையில் போட்டிருப்பதையெல்லாம் வாங்காதீர்கள். போர்ச்சுகல் நாட்டுப் பேச்சு வேறு, பிரேசில் பேச்சு வேறு. எழுத்து ஏறக்குறைய ஒன்றுதான். காதில் விழுவது வேறு. யாழ்ப்பாணத் தமிழையும் நம் ஊர்த் தமிழையும் நினைத்துக்கொள்ளுங்கள். 'ட்டி', 'டி' என்று எழுதியிருப்பதை பிரேசிலில் பெரும்பாலும் 'ச்சி', 'ஜி' என்று சொல்வார்கள். 'நீங்கள்' என்பதற்குச் சொல்லும் வார்த்தையும் வேறு. 'பிரேசில் போர்த்துக்கீசியம்' என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இளைஞர்களுக்கு 'டீச் யுவர்செல்ஃப்' வரிசையில் வரும் 'கம்ப்ளீட் பிரேசிலியன் போர்ச்சுகீஸ்' நல்ல ஆரம்பம். ஒலிப்பதிவோடு வருகிறது. ரூட்லெட்ஜ் வெளியிடும் 'கலோக்கியல் போர்ச்சுகீஸ் ஆஃப் பிரேசில்' இன்னொன்று. இலக்கணத்தில் ஆசை உள்ளவர்களுக்கு ஜான் விட்லம் எழுதிய 'மாடர்ன் பிரேசிலியன் போர்ச்சுகீஸ் கிராமர்'. அது சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கிற புத்தகம். முதல் புத்தகமாக வாங்கினால் பயந்துவிடுவீர்கள். கைப்பேசியில் டுவோலிங்கோ செயலி கற்றுக்கொடுப்பதும் பிரேசில் பேச்சுதான். இவை எல்லாம் ஆங்கிலம் வழியாகக் கற்பிப்பவை. எனவே அக்காவைப் போன்றவர்களுக்கு இவை உதவாது.

அவர்களுக்கு நான் செய்தது, தமிழ் எழுத்திலேயே ஒரு நோட்டு. கொட்டை எழுத்தில் இருபது வாக்கியம். காலை வணக்கம் 'போங் ஜீயா'. சுகமா என்பதற்கு 'துடு பேங்?', பதிலும் அதே 'துடு பேங்'தான், ராகம் மட்டும் மாறும். நன்றி சொல்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆண் சொன்னால் 'ஒப்ரிகாடு', பெண் சொன்னால் 'ஒப்ரிகாடா'. யாரிடம் சொல்கிறோம் என்பது கணக்கில்லை. சொல்கிறவர் யார் என்பதுதான் கணக்கு. தண்ணீர் 'ஆக்வா'. பாட்டி 'வொவோ'. எல்லாவற்றையும் விட முக்கியமானது 'ஜா கொமேவ்?' – "சாப்பிட்டாச்சா?" நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த ஒரு வாக்கியம் தெரிந்தால் பாதி உறவு முடிந்த மாதிரி.

வீட்டுக் குழந்தைகளுக்கு 'துர்மா த மோனிகா' சித்திரக் கதை. மவுரிசியு ஜி சோசா என்ற ஓவியர் உருவாக்கியது. முன்பல் துருத்திய, கையில் நீல முயல் பொம்மையோடு திரியும் மோனிகா என்ற முரட்டுக் குட்டிப் பெண் 1963இல் அறிமுகமானாள். அம்புலிமாமா நமக்கு எப்படியோ அப்படி அங்கே பல தலைமுறை அதில்தான் எழுத்துக் கூட்டிப் படித்தது. படம் இருப்பதால் அர்த்தம் ஊகித்துவிடலாம். வாக்கியங்கள் சின்னவை, பேச்சு மொழியில் இருப்பவை. பையனிடம் சொல்லி, வரும்போது பத்துப் பிரதி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். ஐநூறு பக்க இலக்கணத்தைவிட இது மேலான பரிசு.

நாட்டைப் புரிந்துகொள்ளச் சில புத்தகங்கள்

பிரேசில் என்றதும் நம்மவர் கையில் முதலில் கிடைப்பது பாவ்லோ கொய்லோவின் 'ரசவாதி'. தமிழில் நன்றாக விற்கிறது. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கதை நடப்பது ஸ்பெயினிலும் எகிப்துப் பாலைவனத்திலும். எழுதியவர் பிரேசில்காரர் என்பதைத் தவிர பிரேசில் அதில் கிடையாது. அந்த நாட்டைத் தெரிந்துகொள்ள அதைப் பரிசளிப்பது, ஊட்டியைப் பார்க்க ராமேஸ்வரம் ரயில் ஏறுவது மாதிரி.

நான் முதலில் சொல்வது கிராசிலியானு ராமோஸ் 1938இல் எழுதிய 'விடாஸ் செகாஸ்'. ஆங்கிலத்தில் 'பேரன் லைவ்ஸ்' என்று கிடைக்கிறது. சின்ன நாவல். வடகிழக்கு பிரேசிலில் மழை பொய்த்துப்போய், ஒரு மாடு மேய்ப்பவன், அவன் மனைவி, இரண்டு பையன்கள், 'பலேயா' என்ற நாய், எல்லோரும் காய்ந்த மண்ணில் பிழைப்புத் தேடி நடக்கிறார்கள். அந்த இரண்டு பையன்களுக்கு ஆசிரியர் பெயரே வைக்கவில்லை. நாய்க்குப் பெயர் உண்டு. அதன் பொருள் திமிங்கலம், தண்ணீரே இல்லாத ஊரில்! வேலை தேடிக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் குடும்பத்தோடு இறங்கிப் போகிற மலை மக்களைப் பார்த்த நமக்கு இந்தக் கதைக்கு உரை தேவையில்லை. நாயின் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்தது கரோலினா மரியா ஜி ஜெசூஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் நாட்குறிப்பு. சாவ் பாவ்லோ சேரியில் தகரக் கொட்டகையில் மூன்று பிள்ளைகளோடு இருந்தவர். பழைய காகிதம் பொறுக்கி விற்றுப் பிழைத்தார். இரண்டு வருடம் மட்டும் பள்ளிக்குப் போனவர். பொறுக்கிய நோட்டுகளிலேயே அன்றாடம் நடந்ததை எழுதிவைத்தார். அது 1960இல் புத்தகமாகி நாட்டையே உலுக்கியது. ஆங்கிலத்தில் 'சைல்ட் ஆஃப் தி டார்க்'. கார்னிவல் படம் மட்டும் பார்த்துவிட்டு "ஆடிப் பாடுற ஜனங்க" என்று பேசும் நம்மவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

பழைய இலக்கியம் வேண்டுமென்றால் மஷாது ஜி அசிஸ். தந்தை வழியில் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்களின் பேரன். அந்நாட்டு இலக்கியக் கழகத்தின் முதல் தலைவராக உயர்ந்தார். 1899இல் வந்த 'டோம் கஸ்முஹு' ஒரு சந்தேகப் புருஷனின் கதை. மனைவி துரோகம் செய்தாளா இல்லையா என்று நூறு வருடத்துக்கு மேலாகப் பிரேசிலில் பட்டிமன்றம் நடக்கிறது. சம்பந்தி வீட்டாரோடு பேச நல்ல விஷயம். பெண் ஆசிரியை என்பதால் கட்டாயம் ஒரு கட்சி வைத்திருப்பாள்.

ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர்களுக்குப் பாவ்லோ ஃபிரெய்ரே. ஒடுக்கப்பட்டோர் கல்வி பற்றிய அவர் நூல் தமிழிலும் உண்டு. 1963இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்பித்தார். 'செங்கல்' போன்று அவர்கள் கையில் தினமும் புழங்கும் சொல்லிலிருந்து ஆரம்பிப்பது அவர் முறை. அடுத்த ஆண்டே ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அவரைச் சிறையில் போட்டது. பிறகு நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. நம் அறிவொளி இயக்கத்தில் ராத்திரி ராத்திரியாகத் தெருவிளக்கில் பாடம் நடத்தியவர்கள் உங்களில் இருப்பீர்கள். அந்த வெளிச்சத்தில் இந்த மனிதருக்கும் பங்குண்டு. சாவி, மேசை என்று அக்காவுக்கு நான் போட்ட நோட்டும் அவர் காட்டிய வழிதான்.

படிக்கக் கண் ஒத்துழைக்காதவர்கள் 'சென்ட்ரல் டு பிரசில்' என்ற 1998ஆம் ஆண்டுப் படத்தைப் பாருங்கள். ரியோ ரயில் நிலையத்தில், எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பிழைக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தி. தாயை இழந்த ஒரு சிறுவன். இருவரும் அவன் அப்பாவைத் தேடி பஸ்ஸிலும் லாரியிலும் போகிறார்கள். தபாலாபீஸ் வாசலில் மணியார்டர் பாரம் எழுதிக் கொடுத்தவர்களை அறிந்த நம் வயதுக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான படம் இருக்காது.

என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

இப்போது பரிசு. மஞ்சள் கால்பந்துச் சட்டை, கார்னிவல் முகமூடி, இறகுக் கிரீடம் இவற்றை வாங்கி வீட்டை அலங்கரிக்கும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். நாம் ஒரு வெளிநாட்டுக்குப் போய், அங்கே நமக்கு வரவேற்பாகப் பாம்பாட்டி படம் மாட்டியிருந்தால் எப்படி இருக்கும்?

அங்கிருந்து வாங்கிவரச் சொல்லலாம் என்றால் 'கொர்டெல்' நூல்கள். வடகிழக்குச் சந்தைகளில் கயிற்றில் தொங்கவிட்டு விற்கும் சின்னக் கதைப்பாட்டுப் புத்தகங்கள். அட்டையில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம். விற்பவர் சந்தையில் நின்று பாடிக்காட்டுவாராம். நம் குஜிலிக்கடைப் பாட்டுப் புத்தகம், பெரிய எழுத்து நல்லதங்காள் கதை இவற்றின் தூரத்து உறவு! 2018இல் அந்நாட்டு அரசு கொர்டெலைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. நம் குஜிலி நூல்களுக்கு அப்படி ஒரு மரியாதை வரும் நாள் எதுவோ.

இங்கிருந்து கொடுக்க நம் ஊர் மரச்சிற்பம் இருக்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. கூடத்தை அடைக்கும் பெரிய சிலை வேண்டாம்; பெட்டியில் அடங்கும் சிறிய ஒன்று போதும். மரக்கட்டையில் படம் செதுக்கும் நாட்டுக்காரர்கள் உளியின் அருமை அறிவார்கள். மரப்பொருள் வாங்கும்போது பில்லைப் பத்திரமாக வைத்துக் கொடுங்கள். அந்த நாட்டு விதிகளில் மரத்துக்குக் கட்டுப்பாடு என்ன என்று பையனை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள்.

கொடுக்கவே கூடாதது ஒன்று உண்டு. பழைய வேளாண்மைத் துறைக்காரன் என்ற உரிமையில் இதை அழுத்திச் சொல்கிறேன். விதை, கிழங்கு, கரணை, செடி எதையும் போகும்போது கொடுத்து அனுப்பாதீர்கள்; வரும்போது கொண்டுவரவும் சொல்லாதீர்கள். "மரவள்ளியோட சொந்த ஊர்லேருந்து ஒரு குச்சி கொண்டாந்தா நட்டுப் பாக்கலாமே" என்று என் பங்காளி ஒருவரே கேட்டார். 2020இல் மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவுக்குள் வந்ததும் நம் காடுகளில் குருத்து சுருண்டு நின்றதை மறந்துவிட்டோமா? மருந்தடித்து ஓய்ந்து, கடைசியில் பெங்களூர் தேசிய வேளாண் பூச்சி வள அமைப்பு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 'அனகைரஸ் லோபெசி' என்ற கண்ணுக்குத் தெரியாத அளவுக் குளவியை வரவழைத்துப் பெருக்கி விட்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. பூச்சிக்கும் அந்தக் குளவிக்கும் பூர்வீகம் தென் அமெரிக்கா. சொற்களும் கதைகளும் எத்தனை வேண்டுமானாலும் கடல் தாண்டட்டும். கரணை மட்டும் தாண்ட வேண்டாம்.

கடைசியாக

அந்தப் பெண் தமிழ் படிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று பேரன் சொல்கிறான். 'ழ' வரவில்லையாம். நம்மவர்களுக்கே வராத 'ழ'வை அவளிடம் எதிர்பார்த்து யாரும் பரீட்சை வைக்காதீர்கள். கல்யாண வீட்டில் "ஒரு வார்த்தை தமிழ்ல பேசும்மா" என்று சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதும் வேண்டாம். அதற்குப் பதிலாக நீங்கள் ஒரு வார்த்தை அவள் அம்மாவிடமும் பாட்டியிடமும் அவர்கள் பாஷையில் சொல்லிப் பாருங்கள். தப்பாக வந்தால் அவர்கள் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்தால் நல்லதுதான்; அவர்கள் தமிழ் பேசி நாம் சிரிக்கும்போது கணக்கு சரியாகிவிடும்.

உறவினர்கள் எல்லோருக்கும் என் வேண்டுகோள்: மொய்க் கவரில் பணத்தோடு, தமிழ் எழுத்தில் ஒரு போர்த்துக்கீசிய வாக்கியமும் எழுதி வாருங்கள். எழுதினால் மட்டும் போதாது, பந்தியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அக்கா இப்போதைக்கு பன்னிரண்டு வாக்கியம் பாடம் செய்துவிட்டாள். 'ஒப்ரிகாடா' மட்டும் இன்னும் 'ஒப்பிரியாத்தா' என்றுதான் வருகிறது. நான் திருத்தப் போவதில்லை.